எம்.பி.ஏ. படித்தால் என் வேலைக்கு அர்த்தம் வருமா?

வாசகியின் கடிதம்

முப்பத்து மூன்று வயதான ஒரு வாசகியின் கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கியிருக்கிறேன். மருத்துவமனை ஒன்றின் மறுவாழ்வுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறார். அவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் பக்கவாதத்தால் ஒரு பக்கக் கை, கால் செயலிழந்தவர்கள். சிகிச்சையைத் தொடங்குகிறவர்களில் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் அவருடைய மனக்குறை. பலன் தெரியாமல் நிற்கவில்லை. அழைத்து வர ஆள் இல்லை, வீட்டில் சம்பாதிப்பவரால் வாரத்துக்கு மூன்று நாள் விடுப்பு எடுக்க முடியவில்லை. “இன்னும் ஆறு வாரம் வந்திருந்தால் தானாகவே சட்டைப் பொத்தானைப் போட்டிருப்பார் என்று தெரிந்த ஒருவரின் பெயரைப் பதிவேட்டில் அடிக்கும்போது, அன்று முழுவதும் பார்த்த வேலை வீணாகிவிட்டதாகத் தோன்றுகிறது” என்று எழுதுகிறார்.

நோயாளிகளின் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் சேவை ஒன்றை மருத்துவமனை தொடங்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் நிர்வாக மேலாளர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: “ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்?” அந்தக் கேள்வி தன்னை வாயடைக்க வைத்தது என்றும், மேலாண்மை படித்தவர்களின் பேச்சுதான் அங்கே எடுபடுகிறது என்றும் சொல்கிறார். அதனால் எம்.பி.ஏ. படிக்க முடிவு செய்து, நுழைவுத் தேர்வு எழுதி, இரண்டு இடங்களில் அனுமதியும் பெற்றுவிட்டார். ஒன்று, வேலையை விட்டுவிட்டுக் கல்விக் கடனில் படிக்க வேண்டிய இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. மற்றொன்று வார இறுதிப் படிப்பு. அதற்கான கட்டணத்தில் பாதியை மருத்துவமனையே தருவதாகச் சொல்கிறது, ஆனால் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். இடையில் விலகினால் முழுப் பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

கணவர் தடை சொல்லவில்லை. “கடனை அடைக்கப் பிடிக்காத இன்னொரு வேலைக்குத்தானே போக வேண்டியிருக்கும்?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். சேர்வதா இல்லையா என்று ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு விட்டால் வயதும் போய்விடும், தேர்வு மதிப்பெண்ணும் செல்லாமல் போய்விடும் என்று பயப்படுகிறார். கடைசியில் கேட்டிருக்கும் கேள்விகள் இரண்டு: “படித்தால் என் வேலையும் என் நோக்கமும் ஒன்றாகுமா? அல்லது லாபக் கணக்கைப் படித்துப் படித்து, நானும் அந்த மேலாளரைப் போலவே ஆகிவிடுவேனா?”

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையில் அர்த்தம் தேடி எழுதுகிறவர்களில் பலர், தங்களுக்கு எது வேண்டும் என்றே தெரியாமல் எழுதுவார்கள். உங்கள் கடிதம் அந்த வகையில் சேராது. யாருக்கு உதவ வேண்டும், அவர்கள் எந்த இடத்தில் கைவிடப்படுகிறார்கள், அதற்கு என்ன செய்யலாம் என்று மூன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோக்கம் உங்களிடம் இருக்கிறது. ஆகவே, அதைக் கண்டுபிடித்துத் தரும் பொறுப்பை எந்தக் கல்லூரியின் தலையிலும் சுமத்த வேண்டாம். கல்லூரியால் அதைச் செய்யவும் முடியாது.

இதை நான் வெறும் கருத்தாகச் சொல்லவில்லை. ஏமி ரெஸ்னெஸ்கி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மக்கள் தங்கள் உழைப்பைச் சம்பளத்துக்கான வேலையாகவும், ஏறிச் செல்ல வேண்டிய படியாகவும், வாழ்வின் அழைப்பாகவும் மூன்று விதமாகப் பார்ப்பதை விவரித்தது. கவனிக்க வேண்டிய விஷயம், ஒரே பதவியில் ஒரே மாதிரி அலுவலக வேலை பார்த்தவர்களிடையே இந்த மூன்று பார்வைகளும் ஏறக்குறைய சரிசமமாகப் பிரிந்து கிடந்தன. பிறகு 2001-இல் அவரும் ஜேன் டட்டன் என்ற ஆய்வாளரும், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களை எடுத்துக்காட்டி எழுதினார்கள். சிலர் தங்கள் வேலையைத் தரையைச் சுத்தம் செய்வதாக மட்டும் பார்த்தார்கள். வேறு சிலர் நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்து, அதற்கேற்ப வேலையின் எல்லையைத் தாங்களே கொஞ்சம் விரித்துக்கொண்டார்கள். பதவியின் பெயர் மாறுவதால் மட்டும் அர்த்தம் வந்துவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். மேலாளர் என்ற பலகையை வாசலில் மாட்டிக்கொண்டு, இதே மனக்குறையோடு இன்னொரு கடிதம் எழுதுகிற நிலை உங்களுக்கும் வரலாம்.

அதற்காக, இருக்கும் இடத்திலேயே மனதைத் தேற்றிக்கொண்டு இருங்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது உங்களைவிட உங்கள் மருத்துவமனைக்குத்தான் வசதி.

மேலாளரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது

அவர் உங்களை வாயடைக்க வைக்கக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது பதில் சொல்லக்கூடிய கேள்வி. இப்போதே போட்டுப் பார்ப்போம். எண்களை உங்கள் அனுபவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு வேலைநாள் எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம். மருத்துவமனையில் ஒருவருக்குச் சிகிச்சை 45 நிமிடம், குறிப்பு எழுத 10 நிமிடம் என்றால், ஒரு நாளில் எட்டுப் பேரைப் பார்க்கலாம். வீட்டுக்குப் போவதென்றால் பயணத்துக்கு ஒவ்வொருவருக்கும் 30 நிமிடம் கூடும். ஒருவருக்கு 85 நிமிடம் ஆகும். ஐந்து பேரோடு நாள் முடிந்துவிடும். எட்டுப் பேர் சுமந்த ஒருவரின் சம்பளத்தை ஐந்து பேர் சுமக்க வேண்டும். ஒரு வருகையின் செலவு 1.6 மடங்கு. மேலாளரின் மனதில் ஓடியது இந்தக் கணக்காகத்தான் இருக்கும்.

இப்போது இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். அருகருகே இருக்கும் வீடுகளை ஒரே நாளில் சேர்த்துப் பயணத்தைப் பாதியாக, 15 நிமிடமாகக் குறைத்தால் ஒருவருக்கு 70 நிமிடம். ஆறு பேரைப் பார்க்கலாம். அடுத்தது இன்னும் முக்கியம். மருத்துவமனையில் எட்டுப் பேர் என்பது முன்பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எண். நின்றுவிட்டவர்கள், வருவதாகச் சொல்லி வராதவர்கள் எல்லாம் போக உண்மையில் வந்தவர்கள் எத்தனை பேர்? எட்டில் இரண்டு இடம் காலியாகப் போகிறது என்றால் அங்கேயும் ஆறுதான். அப்படியானால் மேலாளர் பயந்த செலவு வித்தியாசம் எங்கே?

உங்கள் பிரிவில் அந்த எண் என்னவென்று உங்கள் பதிவேட்டில்தான் இருக்கிறது. நீங்கள் வருத்தத்தோடு பெயர்களை அடித்துக்கொண்டிருந்த அதே பதிவேடு. கடைசி மூன்று மாதத்தை எடுத்து, எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனையாவது வாரத்தில் நின்றார்கள், காலியாகப் போன நேரம் எவ்வளவு, நின்றவர்களின் வீடுகள் எந்தெந்தப் பகுதியில் என்று நான்கு பத்திகளாக எழுதுங்கள். நோயாளிகளின் விவரம் ரகசியமானது; பெயர்களை நீக்கிவிட்டு, பிரிவுத் தலைவரின் அனுமதியோடு செய்யுங்கள். காலியிடம் குறைவாக இருந்தால் உங்கள் திட்டம் செலவு மிகுந்ததுதான். அதுவும் படிப்பில் சேர்வதற்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம். அப்போது எல்லா வருகைகளையும் வீட்டில் வைக்காமல், முதல் சில வருகைகளில் வீட்டில் இருக்கும் ஒருவருக்குப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பிறகு காணொளி அழைப்பில் கவனிப்பது போன்ற வேறு வடிவங்களை யோசிக்கலாம். எது யாருக்குப் பாதுகாப்பானது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

இந்த அளவுக் கணக்குக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு வேண்டியதில்லை.

பிறகு எதற்குத்தான் எம்.பி.ஏ.?

சேவை வளரும்போது வருகிற சிக்கல்களுக்கு. ஒருவர் வீட்டுக்குப் போய் வருவதைத் திறமையும் மனசும் இருந்தால் நடத்திவிடலாம். பத்துச் சிகிச்சையாளர்கள் போவதென்றால் கதை வேறு. சம்பளம் மாத முடிவில் கொடுத்தாக வேண்டும், காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பணம் பல வாரம் கழித்து வரும். இடைப்பட்ட காலத்தை எதை வைத்து ஓட்டுவது? கட்ட முடியாதவரிடம் எவ்வளவு வாங்குவது, அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது? நன்றாக வேலை செய்கிறவர் விலகிப் போகாமல் எப்படி வைத்துக்கொள்வது? நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரில் யார் உங்கள் பக்கம் வரக்கூடியவர்? செலவுக் கணக்கியல், செயல்பாட்டு மேலாண்மை, நிறுவன நடத்தை, பேச்சுவார்த்தை ஆகிய பாடங்கள் இவற்றுக்கு நேரடியாக உதவும். பங்குச் சந்தை, நிறுவனங்களை வாங்குவது விற்பது பற்றிய பாடங்களும் அதே கட்டணத்துக்குள்தான் வரும். உங்களுக்கு அவை பயன்படப் போவதில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: எம்.பி.ஏ.தான் வேண்டும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் சிக்கல்களில் பாதி அதன் பாடத்திட்டத்திலேயே வரும். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் இருக்கிறது. அது நோய்ப்பரவலியல், புள்ளியியல், கொள்கை ஆகியவற்றில் அழுத்தம் தரும், ஒரு பகுதியில் எத்தனை பேர் சிகிச்சை இல்லாமல் கிடக்கிறார்கள் என்று காட்ட வேண்டுமானால் அதுதான் பொருத்தம். செலவுக் கணக்கியலை மட்டும் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பாக முடித்துக்கொள்ளவும் முடியும். மருத்துவத் துறையை விட்டே ஒரு நாள் வெளியே போகலாம் என்ற எண்ணம் உள்ளூர இருந்தால் எம்.பி.ஏ.வின் விரிவு கைகொடுக்கும். அந்த எண்ணம் இருக்கிறதா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. இருந்தாலும் அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கணவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

இன்னொரு தப்பெண்ணத்தையும் தீர்த்துவிடுகிறேன். மேலாண்மை படித்தவர்களின் பேச்சு எடுபடுவது அவர்கள் சான்றிதழால் மட்டும் அல்ல. எதிரில் இருப்பவர் எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுப்பார் என்று தெரிந்து, அந்த எண்ணோடு போகிறார்கள். நீங்கள் நோயாளியின் துயரத்தோடு போனீர்கள். துயரம் உண்மைதான், ஆனால் அந்த அறையில் அதற்கு ஒரு பத்தியும் ஒதுக்கப்படவில்லை.

கல்லூரி விளம்பரத்தை எப்படி வாசிப்பது

உங்களுக்கு அனுமதி தந்த இரண்டு கல்லூரிகளின் கையேடுகளிலும் ‘நோக்கம்’, ‘சமூக மாற்றம்’ என்ற சொற்கள் நிறைந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்று அவை இல்லாத கையேடு கிடைப்பதுதான் அரிது. வணிகக் கல்வியில் இந்த ஆசை உண்மையாகவே நெடுநாளாக இருந்துவருகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளி 1976-இல் தொடங்கியபோது எம்.பி.ஏ. என்ற பட்டத்தையே தரவில்லை. பொது, தனியார் துறைகள் இரண்டுக்குமான மேலாண்மைப் பட்டம் ஒன்றைத்தான் தந்தது. எம்.பி.ஏ.வுக்கு அது மாறியது 1990-களின் இறுதியில். நிதி நெருக்கடிக்குப் பிறகு 2009-இல் ஹார்வர்டில் படித்து முடித்த மாணவர்கள், மருத்துவர்களைப் போலத் தாங்களும் நெறிமுறை உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் உறுதிமொழியைவிட வளாக நேர்காணலின் கால அட்டவணைக்கு வலிமை அதிகம். முழுநேரப் படிப்புகளில், ஆலோசனை நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் ஆள் எடுக்க முதலில் வந்துவிடுகின்றன; படிப்பு சூடு பிடிப்பதற்குள்ளேயே மாணவர்கள் விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். சேவை அமைப்புகள் அப்படி வரிசையில் வருவதில்லை. அவர்களுக்குத் தேவை எழும்போது, ஒன்றிரண்டு இடங்களுக்கு, பெரும்பாலும் கடைசி நேரத்தில் ஆள் தேடுவார்கள். கூடப் படிப்பவர்கள் எல்லாரும் வேலையை உறுதி செய்துவிட்ட பிறகும், கடன் தவணை தொடங்கும் தேதியைத் தெரிந்துகொண்டு, வராத ஓர் அழைப்புக்காகக் காத்திருக்கும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு இருக்கும்? நீங்கள் மேலாளரைப் போல ஆகிவிடுவீர்களோ என்று கேட்டீர்கள். லாபக் கணக்கைப் படிப்பதால் யாரும் அப்படி ஆவதில்லை. கடன் ஆக்கும். உங்கள் கணவர் கேட்ட கேள்வி, இந்தக் கடிதத்திலேயே மிகச் சரியான கேள்வி.

ஆகவே கல்லூரியிடம் கையேட்டைக் கேட்காதீர்கள். வேலைவாய்ப்பு அறிக்கையைக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை சதவீதம் பேர் எந்தத் துறைக்குப் போனார்கள், மருத்துவ, சேவைத் துறைகளுக்குப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களின் ஆரம்பச் சம்பளம் என்ன? சராசரிச் சம்பளத்தைப் பார்த்துக் கடனை மதிப்பிட வேண்டாம். நீங்கள் போக விரும்பும் துறையின் சம்பளத்தை வைத்து மதிப்பிடுங்கள். ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, யேல் போன்ற சில பள்ளிகள், குறைந்த சம்பளத்தில் சேவைத் துறைக்குப் போகிறவர்களின் கடன் சுமையைத் தாங்களே பகிர்ந்துகொள்ளும் திட்டங்களை வைத்திருக்கின்றன. உங்களுடைய கல்லூரியில் அப்படி ஒன்று உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் முழுநேரப் படிப்பைப் பற்றி நான் இவ்வளவு தயங்க மாட்டேன். கல்லூரிக்கு ஏ.ஏ.சி.எஸ்.பி., எக்விஸ், ஆம்பா போன்ற தர அங்கீகாரம் எதுவும் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மோசமான கல்லூரி என்று பொருள் இல்லை, இன்னும் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும் என்று பொருள்.

மருத்துவமனை நீட்டும் ஒப்பந்தம்

வார இறுதிப் படிப்பில் கடன் குறைவு, சம்பளம் நிற்காது, வகுப்பில் படித்ததைத் திங்கட்கிழமையே உங்கள் பிரிவில் முயன்று பார்க்கலாம். என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் ஒப்பந்தத்தில் இப்போது இருக்கிறபடி கையெழுத்திட வேண்டாம்.

அந்த ஒப்பந்தம் பேச்சுவார்த்தைக்கு இடமில்லாதது என்று நினைத்துவிட்டீர்கள் போலத் தெரிகிறது. முதலாளி நீட்டும் முதல் வரைவு அது. திருத்தம் கேட்பது நன்றி கெட்டதனம் ஆகாது. முதலில், திருப்பிக் கட்டும் தொகை காலத்தோடு குறைய வேண்டும். மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு வேலை செய்துவிட்டு விலகினால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கட்டுவது நியாயம். கடைசி மாதத்தில் விலகினாலும் முழுத் தொகை என்பது அநியாயம். இரண்டாவது, மருத்துவமனையே உங்களை வேலையை விட்டு நீக்கினாலோ, பிரிவை மூடினாலோ, வேறு ஊருக்கு மாற்றினாலோ நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று எழுதப்பட வேண்டும். இது இல்லாத ஒப்பந்தம் ஒருபக்கக் கயிறு. மூன்றாவது, உடல்நலக் குறைவாலோ மகப்பேற்றாலோ படிப்பு இடையில் நின்றால் என்ன ஆகும் என்பது. நான்காவது, மூன்று ஆண்டு என்பது எந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்பது. பட்டம் கையில் கிடைத்த நாள் என்று எழுதியிருந்தால், தேர்வு முடிவு தாமதமாவதற்கும் நீங்கள்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மூன்று ஆண்டு எந்த வேலையில் இருக்கப்போகிறீர்கள்? அதே மேசையில் அதே வேலையா? படிப்பின் இரண்டாம் ஆண்டிலாவது, குறைந்தது இருபது நோயாளிகளோடு வீட்டுச் சிகிச்சை முன்னோட்டம் ஒன்றை நடத்த அனுமதியும் வாரத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் தருவதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள். பதிவேட்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் இதை மறுப்பது அவர்களுக்கு எளிதல்ல. மறுத்தாலும் உங்களுக்கு ஒரு பதில் கிடைத்துவிடுகிறது: நீங்கள் படித்து முடித்தாலும் அந்த இடத்தில் உங்கள் சேவை நடக்கப்போவதில்லை.

இத்தகைய ஒப்பந்தங்கள் எந்த அளவுக்குச் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு சட்டத்தில் மாறும். கையெழுத்துக்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் காட்டுங்கள். பின்னால் ஏற்படக்கூடிய நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் சிறியது. வாய்மொழியாக யாரோ தந்த உறுதி எதையும் நம்பி இருக்காதீர்கள். தந்தவரே அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போய்விடலாம்.

கல்லூரி பக்கம் கேட்க வேண்டியதும் உண்டு. வார இறுதி மாணவர்களுக்குக் கிடைப்பது முழுநேர மாணவர்களின் அதே பட்டமா, அதே ஆசிரியர்களா? நிறுவனம் பணம் கட்டிப் படிக்க வைக்கும் மாணவர்கள் வளாக நேர்காணலில் கலந்துகொள்ளக் கூடாது என்று பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். உதவித்தொகைகளும் பெரும்பாலும் முழுநேர மாணவர்களுக்கே போகும். உங்கள் திட்டத்துக்கு இவை பெரிய இழப்பில்லை என்றாலும் தெரிந்தே விடுவது நல்லது. வாரம் முழுவதும் வேலை, வார இறுதியில் வகுப்பு என்று இரண்டு ஆண்டு போகும்போது வீட்டில் எந்த வேலை யார் கைக்கு மாறும் என்பதையும் கணவரோடு உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள். “பார்த்துக்கொள்ளலாம்” என்பது திட்டம் ஆகாது.

லாபம், சேவை, வயது

லாபக் கணக்கும் சேவையும் எதிரெதிர் என்று கடிதம் முழுவதும் நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். கட்ட முடிந்தவர்கள் கட்டும் பணத்தில், கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ அறுவைச் சிகிச்சை நடக்கும்படி அமைத்தார். ஒவ்வொரு அறுவைச் சிகிச்சைக்கும் இடையே அறுவை மருத்துவரின் நேரம் வீணாகாதபடி வேலையைப் பிரித்து அடுக்கினார்கள். அப்படிச் செலவு குறைந்ததால்தான் இலவசம் சாத்தியமானது. அந்த மருத்துவமனையைப் பற்றி 1993-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி பாடமாகவே ஒரு ஆய்வை எழுதியது. உங்கள் வகுப்பிலும் அது வரக்கூடும். “ஒரு நாளைக்கு எத்தனை பேர்?” என்ற உங்கள் மேலாளரின் கேள்வியை, நோயாளிக்குச் சாதகமாக யாரோ கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அதைத் தொடங்கியவர் எம்.பி.ஏ. படித்தவர் அல்ல, கண் மருத்துவர். தொடங்கும்போது அவருக்கு வயது 58, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். முப்பத்து மூன்றில் வயது போய்விடும் என்று நீங்கள் பயப்படுவதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சொல்லப்போனால், எம்.பி.ஏ.வுக்கு வேலை அனுபவம் ஒரு பலம், ஆம்பா அங்கீகாரம் பெற்ற படிப்புகள் மாணவர்களிடம் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. உங்களிடம் இருப்பது ஒன்பது. மதிப்பெண் பற்றிய பயமும் வேண்டாம். சென்ற ஆண்டு ஜிமேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதியதாகச் சொல்கிறீர்கள். அந்த மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். இன்னும் நான்கு ஆண்டு உங்கள் கையில் இருக்கிறது. அனுமதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்பதுதான் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும் ஒப்புக்கொள்பவர்களும் உண்டு, கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தராதவர்களும் உண்டு. எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

இந்த ஒரு மாதத்தில்

முதல் வாரம் பதிவேட்டுக்கு. அதே வாரத்தில் இரண்டு கல்லூரிகளுக்கும் மேலே சொன்ன கேள்விகளை அனுப்பிவிடுங்கள். பதில் வரத் தாமதமாகும். இரண்டாம் வாரத்துக்குள், வார இறுதிப் படிப்பை முடித்து இப்போதும் மருத்துவத் துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேரையாவது தேடிப் பேசுங்கள். கல்லூரி அறிமுகப்படுத்தும் ஆட்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவர்கள் பொதுவாக மனநிறைவோடு இருப்பவர்களாகவே இருப்பார்கள். படிப்பால் பயனில்லை என்று சொல்லும் ஒருவரையும் கண்டுபிடியுங்கள். மூன்றாம் வாரம் கணக்கோடும் ஒப்பந்தத் திருத்தங்களோடும் மேலாளரிடம் போங்கள்.

திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டால் வார இறுதிப் படிப்பில் சேருங்கள். கட்டணப் பாதியை மட்டும் தந்து, ஒப்பந்தத்தில் ஒரு வரியையும் மாற்ற மறுத்தால், அந்தப் பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் சேமிப்பில் வார இறுதிப் படிப்பைப் படிக்க முடியுமா என்று பாருங்கள். கொஞ்சம் கடினம், ஆனால் படித்து முடிக்கும் நாளில் எங்கு வேண்டுமானாலும் போகும் உரிமை உங்களிடம் இருக்கும். அதற்கும் வழியில்லை என்றால், இந்த ஆண்டு எந்தக் கல்லூரியிலும் சேராமல், செலவுக் கணக்கியலில் ஒரு குறுகிய படிப்பை எடுத்துக்கொண்டு, வீட்டுச் சிகிச்சையை ஏற்கெனவே நடத்தும் அமைப்பு ஒன்றில் வேலை தேடுவதைத்தான் சொல்வேன். முழுநேரப் படிப்புக்குச் சரி என்று எழுதுவதை, அந்தக் கல்லூரி கடன் சுமையில் பங்கேற்கும் என்று எழுத்தில் சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

மேலாளரைப் பார்க்கப் போகும்போது கோரிக்கைக் கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். மேலே காலியாகப் போன நேரத்தின் எண், நடுவில் ஆறு பேர் கணக்கு, கீழே நீங்கள் கேட்கும் முன்னோட்டமும் அதற்கான கால அளவும். சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனவரைப் பற்றிப் பேச்சுக்கு இடையில் சொல்லுங்கள், பெயர் சொல்லாமல்.